அடைக்கோழியின் நாள் கணக்கு

சிறுவிடைக் கோழி ஒன்று 12 முட்டை இட்டு முடிக்க இரண்டு வாரமாவது ஆகும். முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் அவ்வளவு நாள் வித்தியாசம் இருந்தும், அடை வைத்த 21-ஆம் நாளில் குஞ்சுகள் ஏறக்குறைய ஒன்றாகவே ஓட்டை உடைக்கின்றன.

காரணம் சூடு. இட்ட முட்டைக்குள் கரு ஏற்கெனவே சின்னத் தட்டாக உருவாகியிருக்கும். முட்டை ஆறியதும் அது உறங்கிவிடும். கோழி உட்கார்ந்து 37, 38 டிகிரி சூடு கிடைத்த பிறகுதான் எல்லாக் கருக்களும் ஒருசேர வளரத் தொடங்கும்.

நம் சித்திரை வெயிலில்தான் சங்கடம். வீட்டுக்குள்ளேயே 33 டிகிரி இருந்தால் கரு உறங்கவும் முடியாமல், ஒழுங்காக வளரவும் முடியாமல் அரைகுறையாகச் செத்துப்போகும். அதனால் முட்டைகளை ஈரமணல் பானையின் குளிர்ச்சியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் அடை வைத்துவிடுவது நல்லது. அடைக்கூடையில் இரும்புத்துண்டு, கரி, மிளகாய் வற்றல் போடுவது இடிக்குக் காவலாம். இடியை அவை தடுக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. போட்டால் கெடுதலும் இல்லை. கூடைக்கடியில் சாம்பல் தூவுங்கள், கோழிப்பேன் தொல்லை குறையும்.

அடையில் உட்கார்ந்த கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. முட்டையிடுவது நிற்கும், தீனி குறையும், நெஞ்சுச் சிறகு உதிர்ந்து வெறும் தோல் முட்டையில் படும். அந்தத் தொடுகையே புரோலாக்டினை இறங்கவிடாமல் வைத்திருக்கிறது. அடை தெளியவைக்க மூக்கில் இறகு செருகுகிறார்களே, அந்தக் கொடுமை தேவையில்லை. முட்டையை எடுத்துவிட்டு, கூட்டுக்குத் திரும்ப முடியாதபடி காற்றோட்டமான இடத்தில் சில நாள் விட்டாலே போதும்.

கோழி அலகால் முட்டைகளை அடிக்கடி புரட்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். ஓரத்து முட்டை நடுவுக்கும் நடுமுட்டை ஓரத்துக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆசைப்பட்டு 18 முட்டை வைத்தால், வயிற்றுக்கடியில் அடங்காமல் குளிர்வது அந்த ஆறு மட்டுமல்ல, முறைவைத்து எல்லாமேதான். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்: உயிருள்ள முட்டையில் சிவப்பு நரம்புகள் சிலந்திபோலப் படர்ந்திருக்கும்.

இருபதாம் நாள் வாக்கில் குஞ்சு, முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறைச் சவ்வைக் குத்தி முதல் மூச்சு விடும். காதருகே வைத்தால் உள்ளிருந்து கீச்சொலி கேட்கும். தாயும் பதில் குரல் கொடுக்கும். ஓட்டை நாம் உரித்து உதவப் போகக் கூடாது. ரத்தக்குழாய்கள் இன்னும் வற்றியிருக்காது.

வெளிவரும் முன் மிச்ச மஞ்சள் கருவைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் இரண்டு நாள்வரை தீனி இல்லாமலே தாங்கும். முந்திப் பொரித்தவை தாயின் இறகுக்குள் கிடக்க, பிந்தியவற்றுக்காகத் தாய் காத்திருக்கும். பிறகு எழுந்து, மீதி முட்டைகளைத் திரும்பியும் பாராமல் குஞ்சுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகும். கூடையில் மிஞ்சுவது கூமுட்டை.