தாமிரபரணிக் கரையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை



பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் தாமிரபரணி, நம் விக்கிரமசிங்கபுரத்தையும் அம்பாசமுத்திரத்தையும் கடந்து, கடனாநதியோடு கலக்கும் இடம் திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயிலாலும் பறவைகளாலும் பெயர்பெற்ற அச்சிற்றூரில் 1929 மார்ச் 13 அன்று பிறந்தவர் நீதியரசர் ச. இரத்தினவேல் பாண்டியன்.

அம்பாசமுத்திரம் தீர்த்தபதி பள்ளி, பாளையங்கோட்டையில் இயேசு சபையினர் நடத்தும் தூய சவேரியார் கல்லூரி, சென்னை சட்டக்கல்லூரி ஆகியவற்றில் பயின்றார். 1974-இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1988 டிசம்பர் முதல் 1994 மார்ச் வரை உச்ச நீதிமன்றத்தில் பணியாற்றினார்.

அவர் எழுதிய தீர்ப்புகளுள் நம் அன்றாட வாழ்வை அதிகம் தொடுவது, 1990 நவம்பரில் வெளிவந்த பஜன்லால் வழக்குத் தீர்ப்பு. அது இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது காவல்துறையின் கட்டாயக் கடமை. புகார் செய்பவர் ஏழையா, பணக்காரரா என்பது கேள்வியே அல்ல. மற்றொன்று, புகாரில் உள்ளதை அப்படியே ஏற்றாலும் குற்றம் எதுவும் தெரியவில்லை என்றாலோ, பழிவாங்கும் நோக்கத்தோடு தீய எண்ணத்தில் தொடுக்கப்பட்டது என்றாலோ, உயர்நீதிமன்றம் அவ்வழக்கை ரத்து செய்யலாம். இத்தகைய ஏழு சூழ்நிலைகளை அத்தீர்ப்பு வரிசைப்படுத்துகிறது. இந்த அதிகாரத்தை மிக அரிதாகவே பயன்படுத்த வேண்டும் என்றும் எச்சரிக்கிறது. வரப்புத் தகராறும் குடும்பச் சண்டையும் காவல் நிலையம் வரை போவதை நம் ஊர்களில் பார்க்கிறோம். இன்றும் மதுரைக் கிளையில் வழக்கை ரத்து செய்யக் கேட்பவர்கள் இத்தீர்ப்பைத்தான் கையில் எடுக்கிறார்கள். பொய்க் குற்றச்சாட்டில் சிக்கிய சூசன்னாவுக்காகத் தானியேல் கேட்டதும் இத்தகைய நியாயமான விசாரணையைத்தானே!

மண்டல் வழக்கை விசாரித்த ஒன்பது நீதிபதிகளுள் அவரும் ஒருவர். 1992 நவம்பர் 16 அன்று, மத்திய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீத இடஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பானது. அவர்களுள் வசதி படைத்தோரை விலக்க வேண்டும் என எட்டு நீதிபதிகள் கூற, இவர் ஒருவர் மட்டும் அதற்கு உடன்படவில்லை.

விவாதத்திற்குரிய தீர்ப்பும் உண்டு. ஓய்வுக்கு முந்தைய நாளான 1994 மார்ச் 11 அன்று, தடாச் சட்டம் செல்லும் என்ற பெரும்பான்மைத் தீர்ப்பை அவர் எழுதினார். காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தையும் சாட்சியமாக ஏற்கும் பிரிவு அதில் இருந்தது. துன்புறுத்தலைத் தடுக்க அவர் நெறிமுறைகள் வகுத்தார். ஆயினும் இரண்டு நீதிபதிகள் அப்பிரிவை ஏற்கவில்லை. நாட்டின் பாதுகாப்பா, தனிமனித உரிமையா என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. சட்டமும் மனிதர் கையில்தான் இருக்கிறது என்பதை இது நமக்கு நினைவூட்டுகிறது.

ஓய்வுக்குப்பின் ஐந்தாவது ஊதியக்குழுவின் தலைவராக இருந்து, 1997 ஜனவரியில் அறிக்கை அளித்தார். மத்திய அரசு ஊழியரின் ஓய்வு வயது 58-இலிருந்து 60 ஆனதற்கு அக்குழுவின் பரிந்துரையே அடிப்படை. 2018 பிப்ரவரி 28 அன்று அவர் மறைந்தார்.

அன்பர்களே, அநீதி நடந்தால் புகார் கொடுக்க அஞ்ச வேண்டாம். அயலார் மீது பொய்ப்புகார் கொடுக்கவும் துணிய வேண்டாம். நம் ஆற்றங்கரைப் பிள்ளைகள் சட்டம் பயில நாம் ஊக்கம் அளிப்போம். ஏழையின் வழக்கைப் பொறுமையோடு கேட்கும் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் நம் குடும்பங்களிலிருந்தும் வரட்டும்.