'காஷ்' சொன்னால் கடவுள் கோபிக்கமாட்டார்

'ஓ மை காட்' நமக்குப் பழகிய வியப்பு. ஆங்கிலக் கார்ட்டூன்களிலும் சிறுவர் கதைகளிலும் அதைவிட அதிகமாகக் காதில் விழுவது 'ஓ மை காஷ்'. உச்சரிப்புப் பிசகு இல்லை இது. 'காட்' என்று புறப்பட்ட நாக்கை நடுவழியில் மடக்கி, வேறு ஒலியில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறிவிட்ட தந்திரம்.

ஆண்டவரின் பெயரை வீணாகச் சொல்லக் கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. ஆனால், கால் கட்டைவிரல் கல்லில் இடித்தால் வாய் சும்மா இருக்குமா? சொன்ன மாதிரியும் இருக்க வேண்டும், சொல்லாத மாதிரியும் இருக்க வேண்டும். அதற்காகச் சொல்லின் தலையை வைத்துக்கொண்டு வாலை மாற்றினார்கள். 'காட்' என்பது 'காஷ்', 'காலி' ஆனது. 'ஜீசஸ்' தேய்ந்து 'ஜீ' ஆனது. நரகத்தைக் குறிக்கும் 'ஹெல்', 'ஹெக்' ஆனது. 'டேம்' என்ற சாபம் 'டார்ன்' ஆகச் சாதுவாகிவிட்டது. முதலைகளோடு மல்லுக்கட்டிய ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வின் வாய்க்கு வாய் சொன்ன 'கிரைக்கி'க்குப் பின்னால் இருப்பதும் 'கிரைஸ்ட்'தான்.

வேறு சில சொற்களில் வெட்டு விழுந்தது தலையில். 'கடவுளின் காயங்கள்மேல் ஆணை' என்று பொருள்படும் 'காட்ஸ் வூண்ட்ஸ்' சுருங்கி 'ஸவுண்ட்ஸ்' ஆனது. 'கடவுளின் ரத்தம்' என்பது 'ஸ்பிளட்' ஆனது. லண்டன் தெருக்களில் புழங்கிய 'பிளைமி'யைப் பிரித்தால், 'கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும்' என்று தன்மேலேயே இட்டுக்கொண்ட சாபம் கிடைக்கும்.

கடவுளுக்குப் பயப்படாதவர்களும் சட்டத்துக்குப் பயப்பட வேண்டியிருந்தது. 1606-இல், இங்கிலாந்தில் மன்னர் முதலாம் ஜேம்ஸ் ஆட்சியில், நாடக மேடையில் கடவுளின் பெயரையோ இயேசுவின் பெயரையோ விளையாட்டாகச் சொன்னால் ஒவ்வொரு முறைக்கும் 10 பவுண்டு அபராதம் என்று சட்டம் வந்தது. அன்றைய கைவினைஞர் ஒருவருக்கு அது பல மாதக் கூலி. ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' 1622-இல் தனி நூலாக வந்தபோது, தொடக்கக் காட்சியிலேயே இயாகோ 'ஸ்பிளட்' என்று எரிந்து விழுகிறான். மறு ஆண்டு வந்த பெருந்தொகுப்பில் அதே வரியில் அந்தச் சொல் மட்டும் காணோம். அந்தச் சட்டத்தின் கைவரிசை என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு.

1745-இல் வந்த சட்டம் தெருவில் பேசுபவரையும் விடவில்லை. அதில் சுவையான சங்கதி, அந்தஸ்து பார்த்து விதித்த அபராதம். கூலியாளோ சிப்பாயோ மாலுமியோ ஆணையிட்டுத் திட்டினால் 1 ஷில்லிங். அவர்களுக்கு மேலே, கனவான் தகுதிக்குக் கீழே இருப்பவருக்கு 2 ஷில்லிங். கனவான் வாய் தவறினால் 5 ஷில்லிங். இரண்டாம் முறை பிடிபட்டால் இரட்டிப்பு. கட்ட வழியில்லாத கூலியாளுக்கு 10 நாள் கடுங்காவல். இந்தச் சட்டம் 1967 வரை ஏட்டில் இருந்தது.

மேடைக்கு நேர்ந்தது பிறகு திரைக்கும் நேர்ந்தது. 1930-களில் ஹாலிவுட்டைக் கட்டிப்போட்ட ஹேஸ் தணிக்கை விதிகள் 'காட்', 'ஹெல்', 'டேம்' ஆகியவற்றைத் தடைப்பட்டியலில் வைத்தன. பக்தியோடு சொன்னால் மட்டும் 'காட்' தப்பிக்கலாம். 'காட்' என்பதைக் கொச்சையாக இழுத்துச் சொல்லும் 'கோட்' கூடப் பட்டியலில் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் இந்த மழுப்பல் ஒன்று குழந்தைகளின் செல்லப் பாத்திரத்துக்கே பெயராகிவிட்டது. 'ஜிமினி கிரிக்கெட்' என்பது 'ஜீசஸ் கிரைஸ்ட்' என்று சொல்லாமல் தப்பிக்க அமெரிக்கர்கள் சொல்லிவந்த வியப்புச் சொல். டிஸ்னியின் 'ஸ்நோ வைட்' படத்தில் குள்ளர்களே அப்படி வியப்பார்கள். 1940-இல் வந்த 'பினோக்கியோ' படத்தில், மரப்பொம்மைச் சிறுவனுக்கு மனசாட்சியாக வரும் சுவர்க்கோழிக்கு அதையே பெயராக வைத்தார்கள்.

எல்லாரும் இதில் சமாதானம் ஆகிவிடவில்லை. 'காஷ்' என்பதும் மனசுக்குள் 'காட்' தானே என்று பிள்ளைகளை அதட்டும் பக்திமிகுந்த குடும்பங்கள் அமெரிக்காவில் இன்றும் உண்டு. கைப்பேசிக் குறுஞ்செய்தியில் மற்றவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 'ஓ.எம்.ஜி.' என்ற சுருக்கத்தை 1917-லேயே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் பிரபு சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் பயன்படுத்தி, விரிவையும் பக்கத்திலேயே எழுதிவைத்தார். இன்று யாரும் விரித்து எழுதுவதில்லை. அந்த 'ஜி' 'காட்' ஆகவும் இருக்கலாம், 'காஷ்' ஆகவும் இருக்கலாம்.