எண்ணெய் தெரியும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும்

கரையோர யந்திரங்கள் – 11

பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு வழியாகக் கல்முனைக்குச் செல்லும் பிரதான வீதியை விட்டுக் கடற்பக்கமாகத் திரும்பினால், மதிலுக்கு மதில் நெருங்கிய மணல் ஒழுங்கைகளே எங்கும் எதிர்ப்படுகின்றன. பெக்கோ திரும்ப இடமில்லாத இத்தகைய வளவுகளிலே அத்திவாரத்து மண்ணை அள்ளவும், கொட்டிய மணலைப் பரவவும் ஏற்ற யந்திரம் ஒன்றிருக்குமானால், அது ரப்பர்ச் சங்கிலியின்மேல் ஊர்ந்து செல்லும் சிறிய லோடர்தான். செய்த கம்பனி எதுவாயினும் நம்மவர் அதைப் 'பொப்கட்' என்றே அழைக்கின்றனர்.

இதன் வமிசம் சற்று விசித்திரமானது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே வான்கோழி வளர்த்த ஒருவர், தம் கொட்டிலின் தூண்களுக்கிடையே புகுந்து எருவை அள்ளக்கூடிய சிறிய யந்திரம் வேண்டுமென்று கேட்க, கெல்லர் சகோதரர் இருவர் 1957 இல் மூன்று சில்லுகளோடு ஒன்றைச் செய்து கொடுத்தனர். அதுவே பிற்காலத்துப் பொப்கட்டுக்கு மூலம். சில்லுக்குப் பதிலாகச் சங்கிலி பூட்டிய சிறிய லோடரை ஜப்பானின் டக்கியூச்சி கம்பனி 1986 இல் வெளியிட்டது. சங்கிலி யந்திரங்கள் நமது மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. 1949 இல் கல்லோயாத் திட்டத்துக்காக இங்கினியாகலையில் அணைகட்ட வந்த மொரிசன்–நுட்சன் என்னும் அமெரிக்கக் கம்பனியாரின் காலத்தையே அதற்குச் சொல்லவேண்டும். ஆயினும் அக்காலத்துப் புல்டோசர்களிற் பல, மண்தள்ளும் அலகைக் கம்பிவடத்தினாலே தூக்கியவை. அவற்றில் அறுந்துபோகக் கம்பி இருந்தது, ஒழுகிப்போக எண்ணெய் குறைவு. இன்றைய சிறிய லோடரிலோ தூக்குவது, மடக்குவது, ஊர்வது ஆகிய மூன்று காரியமும் ஒரே எண்ணெயின் அழுத்தத்தாலே நடைபெறுகின்றன. ஆகவே எங்காவது ஒரு மூட்டில் எண்ணெய் கசியத் தொடங்கினால் யந்திரத்தின் சகல அவயவங்களும் ஏக காலத்திலே சோர்ந்துவிடுகின்றன.

பெரியநீலாவணையில் ஒரு வளவிலே நான் பார்த்த லோடர், ஜப்பானில் உழைத்துத் தேய்ந்து, பழைய யந்திரமாக இறக்குமதியானது. அதன் அடியில் மணல் கறுத்துப் பாத்திகட்டியிருந்தது. பம்புக்கு நேர் கீழே எண்ணெய் சொட்டியதனால் பம்பு பழுதென்று தீர்மானித்து, கைக்கு எட்டிய நட்டையெல்லாம் ஒபரேட்டர் இறுக்கி முடித்திருந்தார். ஒழுக்கு மட்டும் நின்றபாடில்லை. மருதமுனையிலிருந்து வந்த மெக்கானிக் ஸ்பனரைத் தொடவேயில்லை.

"தம்பி, இறுக்கினது போதும். முதல்ல மெசினக் கழுவுங்க."

"கழுவினா ஒழுக்கு நிக்குமா காக்கா?"

"நிக்காது. எங்கயிருந்து வருதெண்டு தெரியும்."

அந்தக் காக்காவின் வார்த்தையில் இந்த வித்தையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. ஓட்டு வீட்டிலே உடைந்த ஓடு ஓரிடத்திலும் மழைநீர் சொட்டுவது வேறோரிடத்திலுமாக இருப்பதுபோல, லோடரில் மேலே கசிந்த எண்ணெய் சட்டத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு வழிந்து, அடித்தகட்டிலே தேங்கி, அங்கே எந்தத் துவாரம் தாழ்ந்திருக்கிறதோ அதன் வழியாகவே மண்ணில் விழும். அடித்தகட்டைக் கழற்றியபோது எண்ணெயும் மணலும் சேர்ந்து களியாகிக் கிடந்தன. அதைச் சுரண்டி, சவர்க்காரத் தண்ணீரால் பம்பையும் வால்வுகளையும் கழுவி, கொம்பிரசர்க் காற்றினால் உலர்த்திய பின்னர், அவர் பையிலிருந்து எடுத்தது குழந்தைகளுக்குப் பூசும் பவுடர். மூட்டுகளிலும் ஹோஸ்களிலும் அதை மெல்லியதாகத் தூவிவிட்டு, எஞ்சினைத் தாழ்ந்த வேகத்தில் ஓடவிட்டார். பவுடர் வெண்மையாகவே இருந்தது. ஒரு துளியும் இல்லை. அழுத்தமில்லாத குழாய் கசிய நியாயமில்லை அல்லவா? பின்பு வாளியை முற்றாக மடக்கச் செய்து, மடங்கி முட்டிய பிறகும் லீவரை விடாமற் சில வினாடிகள் பிடித்திருக்கச் சொன்னார். அப்போதுதான் பம்புக்கு வெகு மேலே, வால்வுக் கட்டையிலிருந்து யந்திரத்தின் கைக்குச் செல்லும் ஹோஸ் சட்டத்தோடு உரசுமிடத்தில், பவுடரின்மேல் நனைந்த கோடொன்று தோன்றிற்று. பம்பு நிரபராதி.

ஒபரேட்டர் ஆவலோடு அவ்விடத்தைத் தடவப் போனார். காக்கா அவர் கையைத் தட்டிவிட்டு, நீண்ட தடியின் நுனியில் கட்டிய காட்போட் மட்டையை அங்கே நீட்டினார்; மட்டையிலே ஊசியாற் கீறியதுபோல ஈரம் படிந்தது. இந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்தல் ஆகாது. கார் டயரிலே சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 இறாத்தல் அழுத்தம் இருக்கிறதென்றால், இந்த யந்திரங்களில் அது 3,000 இறாத்தல் அளவுக்குச் செல்லும். கண்ணுக்குப் புலப்படாத துவாரத்தின் வழியே அந்த வேகத்தோடு பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் முள் குத்தினாற்போல அற்பமாகத் தெரிவதும், முதலில் நோவு குறைவாக இருப்பதுமே இதிலுள்ள மோசம். சில மணித்தியாலத்தில் விரல் வீங்கிச் சதை அழுகத் தொடங்கும், தாமதித்தால் விரலையே எடுக்க நேரிடும். கல்முனையில் வைத்தியசாலை இரண்டு இருக்கையில் தூரத்தைச் சாட்டாகச் சொல்லவும் வழியில்லை. சென்றவுடன், அழுத்தத்தோடு எண்ணெய் உட்புகுந்தது என்று வைத்தியரிடம் தெளிவாகச் சொல்வது அத்தியாவசியம்.

நட்டை இறுக்கினால் ஒழுக்கு நிற்கும் என்னும் நம்பிக்கை, என் அபிப்பிராயத்தில், ஓட்டையைவிட அதிக சேதம் விளைவித்திருக்கிறது. 1795 இல் லண்டனில் ஜோசப் பிராமா நீரழுத்த யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபோது அவரை வருத்தியதும் இந்த ஒழுக்கே. உருளையைச் சுற்றி அடைப்பை இறுக்கினால் அது அசைய மறுத்தது; தளர்த்தினால் நீர் பீறிட்டது. அவரிடம் வேலைசெய்த ஹென்றி மோட்ஸ்லே, கிண்ணம்போல வளைத்த தோல் வளையமொன்றை, அதன் வாய் நீரை நோக்கியிருக்கும்படி பொருத்தினார். நீரின் அழுத்தம் ஏற ஏறத் தோலின் உதடு தானாகவே உருளையைப் பற்றிக்கொண்டது. அழுத்தம் தணிந்ததும் விட்டுக்கொடுத்தது. (இத்தகைய கைக்காரர் சம்பள உயர்வு கேட்டபோது பிராமா மறுத்ததனால், மோட்ஸ்லே விலகித் தனிப் பட்டறை வைத்தார் என்பது அந்தக் கதையின் மிச்சம்.) நீல்ஸ் கிறிஸ்ரென்சன் தமது எழுபத்திரண்டாம் வயதிலே, 1937 இல், காப்புரிமைக்கு விண்ணப்பித்த ரப்பர் 'ஓ' வளையத்தின் சூட்சுமமும் ஏறத்தாழ இதுவே. அடைப்பைக் காப்பது எண்ணெயின் அழுத்தமேயன்றி நமது புஜபலம் அன்று. அளவுக்குமேல் இறுக்கினால் வளையம் நசுங்கும், அது அமரும் உலோக முகம் கெடும், பிறகு புது வளையம் போட்டாலும் பயன்படாது.

நமது லோடரின் ஒழுக்குக்குக் காரணமும் பிரத்தியட்சமாயிற்று. ஹோஸைப் பிடித்துவைக்கும் கிளிப் எப்போதோ கழன்றுபோக, அது ஆடி ஆடிச் சட்டத்தில் உரசி, மேல் ரப்பர் தேய்ந்து, உள்ளிருந்த உருக்குக்கம்பிப் பின்னல் உப்புக்காற்றில் துருவேறியிருந்தது. கடற்கரையில் இது விரைவாகவே நிகழும்.

கழற்றுமுன் வாளி நிலத்தில் இறக்கப்பட்டது. எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் திறந்து, லீவர்களை முன்னும் பின்னும் அசைத்து எஞ்சிய அழுத்தம் போக்கப்பட்டது. தாங்கியின் மூடியும் மெல்லத் திறக்கப்பட்டது. கழற்றிய வாய்களில் மணல் விழாதபடி சுத்தமான பொலித்தீனைக் கட்டிவிட்டு, பழைய ஹோஸையே கையோடு கல்முனைக்குக் கொண்டுபோனார்கள். நீளத்தை மட்டும் எழுதிக்கொண்டு போகிறவர்கள் அகப்படுவது இங்கேதான்: ஜப்பானிய யந்திரங்கள் சிலவற்றின் மூட்டுக்கும் ஆங்கில மூட்டுக்கும் புரி ஒன்றுபோலவே ஏறும், உள்ளே கூம்பு அமரும் விதம் மாத்திரம் வேறு, எவ்வளவு முறுக்கினும் அந்தச் சோடி ஒழுகிக்கொண்டே இருக்கும். புதிய ஹோஸைப் பூட்டும்போது இரண்டு ஸ்பனர் பிடித்து, அதன்மேல் அச்சிட்ட கோடு முறுகாமல் நேராக நிற்கிறதா என்று காக்கா குனிந்து பார்த்தார். கழன்ற கிளிப்புக்குப் பதில் புதியது பூட்டப்பட்டது. அதைச் செய்யாவிட்டால் புதிய ஹோஸும் அதே இடத்திலேயே தேயும். எண்ணெய் நிரப்பி, உள்ளே அகப்பட்ட காற்று வெளியேறும்வரை கையை மெதுவாக ஏற்றி இறக்கி, மறுபடி அளவு பார்த்து, பவுடரையும் மறுபடி தூவிய பின்னரே அடித்தகட்டை ஏற்றினார்கள்.

வினாடிக்கு ஒரு துளிதானே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். இருபது துளி ஒரு மில்லிலீற்றர் என்று கொண்டாலும், முழு நாளுக்கு நாலு லீற்றருக்கு மேலாகிறது. அது விழுவதோ ஆழமில்லாத கிணறுகளிலிருந்து நாம் நீரள்ளும் மணற்றரையில்.

வெளியே ஒரு துளியும் தெரியாமலே, தூக்கிய கை தானாகத் தாழ்ந்துகொண்டு வரும் வேறொரு விதக் கசிவும் உண்டு. அது சிலிண்டரின் உள்ளே நடப்பதாதலால் பவுடருக்கும் மட்டைக்கும் அகப்படாது. அதனை அடுத்த இதழில் பிரித்துப் பார்ப்போம்.