பொம்மை விமானமும் பொறுமைப் பூச்சும்

எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளி நிற விமானம் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும், "எங்கே வாங்கினீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். "பையன் வீட்டிலேயே ஒட்டி, பெயின்ட் அடிச்சது" என்றால் நம்புவதில்லை. இதே விமானம் ஒரு சமயம் பாலேடு மாதிரி சுருங்கி, என் கைவரிசையால் இறக்கை நுனியும் உருகிக் கிடந்தது என்று சொன்னால் இன்னும் நம்ப மாட்டார்கள்!

என் மாமனார் விமானப் படையில் மெக்கானிக்காக இருந்தவர். தாம்பரத்தில் பயிற்சி முடித்து வடக்கே போனவர், 'நாட்' விமானங்களில் வேலை பார்த்திருக்கிறார். 1965 போரில் பெயர் வாங்கிய குட்டி விமானம் அது. போன வருஷம் மாமியார் காலமானதிலிருந்து அவர் அதிகம் பேசுவதே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பத்தாவது படிக்கும் என் பையன், தாத்தாவின் எண்பதாவது பிறந்த நாளுக்கு அந்த விமானத்தையே செய்து கொடுப்பதென்று தீர்மானித்து, சேர்த்து வைத்த காசில் ஒரு பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கினான். நிஜ நாட்டின் நீளம் 8.74 மீட்டர். அதில் 72-இல் ஒரு பங்கு என்றால் சுமார் 12 சென்டிமீட்டர்.

ஒட்டியதெல்லாம் சரிதான். பெயின்ட்டில்தான் கோட்டை விட்டோம். 14 மில்லி டப்பா எனாமலைத் திறந்து, கலக்காமல், அப்படியே கெட்டியாகப் பூசினான். மூன்று மணி நேரத்தில் "காஞ்சிடுச்சும்மா" என்று அதன்மேல் இன்னொரு தடவை. காலையில் பார்த்தால் ஒரே சுருக்கம்! 'நகப்பூச்சை எடுக்கிற திரவம் இதையும் எடுக்காதா?' என்று நான் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பெயின்ட்டோடு பிளாஸ்டிக்கும் இளகி வந்துவிட்டது. பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வேறு வழியில்லாமல் மாமனாரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, பெயின்ட் என்ன பண்ணும்? அடியிலே இருக்கிறதைத்தானே காட்டும்? அவனைக் கூப்பிடு" என்றார். கை நடுக்கத்தால் அவரால் பிரஷ் பிடிக்க முடியாது. அவர் சொல்லச் சொல்ல, பையன் செய்தான். நான் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பூசும் முன்பு

கெட்டுப்போன பூச்சை ஒரு வாரம் நன்றாக இறுக விட்டோம். பிறகு பெயின்ட் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டால் கிடைக்கும் தாளில் 1000-ஆம் நம்பரைத் தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேய்த்து வழவழப்பாக்கினோம். உருகின நுனிக்குத் துளி எம்-சீல் வைத்துச் சீராக்கினான். பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தினோம். புது கிட்டையும் இப்படிக் கழுவத்தான் வேண்டும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையும் நம் விரல் பிசுக்கும் இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

பூசும்போது

எனாமலில் நிறப்பொடி அடியில் தங்கிவிடும். டப்பாவைக் குலுக்கினால் குமிழி வரும். ஐஸ்கிரீம் குச்சியால் அடிவரை நிதானமாகக் கலக்க வேண்டும். பளபளப்பில்லாத 'மேட்' பெயின்ட்டைச் சரியாகக் கலக்காவிட்டால் அங்கங்கே பளபளக்கும். கொஞ்சம் எடுத்துச் சின்ன மூடியில் ஊற்றி, சொட்டுச் சொட்டாக டர்பன்டைன் விட்டு, காய்ச்சாத பால் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். நமக்குத் தெரியாத பதமா?

முதலில் சாம்பல் நிற பிரைமர். வெள்ளி நிறம் ஒரு சின்னக் கீறலைக்கூட மறைக்காது, பிரைமர் காய்ந்ததும் குறை தெரிந்துவிடும். அப்புறம் மெல்லிய மயிர்ப் பிரஷ்ஷால் ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். பாதி காய்ந்த இடத்தில் திரும்பப் போனால் கோடு விழும். முதல் கோட்டில் அடிநிறம் தெரிந்தால் பதற வேண்டாம். கெட்டியாக ஒன்றைவிட, மெல்லிசாக இரண்டு, மூன்று மேல்.

எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் டர்பன்டைன் ஆவியாகும். பிறகுதான் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும். தொட்டால் ஒட்டாதபோதும் உள்ளே பச்சையாகத்தான் இருக்கும். அதன்மேல் அடுத்த கோட்டு விழுந்தால் அடியிலிருப்பது ஊறிச் சுருங்கும். ஆகவே ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முழு நாள் இடைவெளி. மழைக்காலமென்றால் இன்னும் அதிகம். தூசி விழாமல் அட்டைப் பெட்டியால் மூடி வைத்தோம்.

குழந்தைகள் உள்ள வீட்டில்

ஒரு நாள் டர்பன்டைனைச் சின்ன டம்ளரில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால், ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனாரின் இரண்டு வயதுப் பெண் அந்த டம்ளரைத் தூக்கிவிட்டாள்! பையன் பாய்ந்து பிடுங்கினான். இன்றும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இளம் தாய்மார்களே, டர்பன்டைன், மண்ணெண்ணெய் எதையும் டம்ளரிலோ குளிர்பான பாட்டிலிலோ வைக்காதீர்கள். தப்பித் தவறிக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியில் அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஜன்னலைத் திறந்து வைத்துப் பூசுங்கள். பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது. கர்ப்பிணிகளும் மூச்சிரைப்பு உள்ளவர்களும் ஒதுங்கியிருப்பது நல்லது. கையில் பட்ட பெயின்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்புப் போட்டால் போதும். பரணில் கிடக்கும் பழைய டப்பாக்களை எடுக்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது இந்த ஈயம்.

கோட்டுக்குக் கோட்டு காத்திருந்த அந்த நாட்களில்தான் மாமனார் பேச ஆரம்பித்தார். 1971 டிசம்பர் 14-ஆம் தேதி, ஸ்ரீநகரில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே நாட்டைக் கிளப்பிக்கொண்டு போய்ப் போரிட்டு உயிர் துறந்து, பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல்ஜித் சிங் செகோனைப் பற்றிச் சொன்னார். பையன் வாயைப் பிளந்து கேட்டான். மாமியாரோடு குடித்தனம் நடத்திய குவார்ட்டர்ஸ் கதையெல்லாம்கூட வந்தது. நானே அதையெல்லாம் கேட்டதில்லை.

பிறந்த நாள் வந்தபோது கடைசிக் கோட்டு காயவில்லை. "பரவாயில்லை தாத்தா, இப்பவே கையிலே எடுங்க" என்றான் பையன். மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தொடாதேடா கண்ணா. நாளைக்கு இருப்பேன்" என்றார்.

ஒரு வருஷமாக அவர் நாளையைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. பாயசத்தைக் கிளறுகிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விட்டேன்.