ஆக்குதலும் அறிதலும்: பிரக்ஞை பற்றிய ஒரு குறிப்பு

ஒரு பொருளை ஆக்க வல்லோமாயின் அதனை அறிந்தவராவோமா? பொறியியல் நோக்கு, கருதிய விளைவு கைகூடுமா என வினவுகிறது; விஞ்ஞான நோக்கு அவ்விளைவின் காரணத்தை நாடுகிறது. இவை ஒன்றையொன்று வளர்ப்பன, எனினும் ஒன்றல்ல.

பொருள்களின் உள்ளியல்பு அறியவொண்ணாதது என்ற கான்றின் கருத்தை 1886இல் ஏங்கெல்ஸ் நடைமுறையை ஆதாரமாகக் கொண்டு மறுத்தார். செடிவேரிலிருந்து பெறப்பட்ட அலிசரின் சாயத்தை நிலக்கரித் தாரிலிருந்து ஆக்க முடிந்தமையை அவர் சான்றாகக் காட்டினார். ஆயின் கிறேபே, லீபர்மான் ஆகிய இரசாயனவியலாளர் அச்சாயம் அந்திரசீனின் வழிவந்த சேர்வை என 1868இல் கண்டறிந்த பின்னரே அதனை ஆக்கினர். அங்கு விளக்கம் ஆக்கத்துக்கு முந்தியது.

பிரக்ஞையின் நிலை வேறு. 1846இல் பொஸ்ரன் நகரில் மோட்டன் ஈதர் ஆவியைச் செலுத்த, வலியற்ற சத்திரசிகிச்சை பலர் முன்னிலையில் நிகழ்ந்தது. அதன்பின் பிரக்ஞையை அகற்றவும் மீட்கவும் மருத்துவர் வல்லவராயினர். மயக்கமருந்துகள் நரம்புக் கலங்களின் கொழுப்புப் படலத்தில் கரைந்தே செயற்படுகின்றன என நெடுங்காலம் கருதப்பட்டது. அவை புரதங்களில் நேரடியாகவே தாக்கம் புரியக்கூடும் என்பதை 1984இல் பிராங்ஸ், லீப் ஆகியோரின் ஆய்வு காட்டியது. ஆயினும் நரம்புக் கலங்களின் இயக்கம் அனுபவமாவது எவ்வாறு என்பது இன்றும் விளக்கப்படவில்லை.

நடைமுறை கோட்பாட்டைச் சோதிக்கும். அதன் இடத்தை நிரப்பாது. மனிதரைப்போல் உரையாடும் கணினி நிரல்கள் இன்று ஆக்கப்பட்டுள்ளன. அவற்றின் திறனைக் கொண்டு பிரக்ஞை விளங்கிவிட்டதெனக் கொள்வது தவறு. இன்னும் விளங்கவில்லை என்பதைக் கொண்டு அதனை என்றுமே அறியவொண்ணாத மறைபொருளாக்குவதும் அதேயளவு தவறாகும்.