விண்வெளிப் படமும் அதன் ரசிகர்களும்



தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பொழுது சாயுமுன்பே பாயை விரித்து இடம் பிடித்துவிடுவோம். கதாநாயகன் வந்தால் சீழ்க்கை பறக்கும். வில்லன் வந்தால் வசை விழும். மறுநாள் பால் மரத்தடியிலும் அதே பேச்சுத்தான். இது நம்மவர்க்கு மட்டுமே உரிய பழக்கம் அன்று. உலகில் எங்கெல்லாம் படம் ஓடுகிறதோ அங்கெல்லாம் ரசிகர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள். இன்று நாம் 1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' என்ற விண்வெளிப் படத்தைப் பற்றியும், அதன் ரசிகர்களைப் பற்றியும் பேசுவோம். ரசிகரின் அன்பு எவ்வளவு தூரம் போகும், எங்கே அது நிற்க வேண்டும் என்பதற்கு இந்தப் படத்தின் வரலாறு நல்ல பாடம்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். எங்கோ தொலைவில், விண்மீன்களின் நடுவே, ஒரு கொடுங்கோல் பேரரசு நடக்கிறது. அதை எதிர்த்துப் போராடும் இளவரசி லேயா பிடிபடுகிறாள். பிடிபடுமுன், எதிரியின் மாபெரும் போர்க்கோளத்தின் வரைபடத்தை ஒரு சிறிய இயந்திரத்துக்குள் மறைத்து அனுப்பிவிடுகிறாள். அந்த இயந்திரமும் அதன் தோழனும் பாலைவன உலகம் ஒன்றில் இறங்கி, பழைய இரும்பு விற்பவர்களிடம் அகப்பட்டு, ஒரு குடியானவருக்கு விலை போகின்றன. அந்த வீட்டில் வளர்கிறவன்தான் லூக். காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து நீர் சேர்க்கும் பண்ணையில் வேலை செய்பவன். பிறகு ஒரு முதிய வீரர், கடன்பட்ட கப்பலோட்டி ஹான் சோலோ, உடலெல்லாம் மயிர் மூடிய அவனுடைய தோழன் சுபாக்கா ஆகியோர் சேர்ந்து இளவரசியை மீட்கிறார்கள். முடிவில் போர்க்கோளம் தகர்க்கப்படுகிறது.

இதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். கதை அரசரிடமோ படைத்தலைவரிடமோ தொடங்கவில்லை. ஏவிய வேலையைச் செய்யும் இரண்டு இயந்திரங்களின் பின்னால்தான் நாம் கதைக்குள் போகிறோம். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 1958ஆம் ஆண்டுப் படமொன்றில் சண்டையிட்டுக்கொண்டே நடக்கும் இரண்டு ஏழைக் குடியானவர்கள் வருகிறார்கள். அவர்களைப் பார்த்தே இந்த யோசனை தமக்குத் தோன்றியதாக இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் கூறியிருக்கிறார். எளியவர்கள் கண்வழியே சொல்லப்பட்ட கதை எளியவர்களைக் கவர்ந்ததில் வியப்பில்லை அல்லவா?

படத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டாலர். இது ஓடும் என்று லூகாஸுக்கே நம்பிக்கை இல்லை. 1977 மே 25ஆம் நாள் 32 திரையரங்குகளில் மட்டுமே படம் வெளியானது. அன்று ஹாலிவுட்டில் ஓர் உணவுக்கடைக்குச் சாப்பிடப் போன லூகாஸ், எதிரேயிருந்த திரையரங்கின் முன் பெருங்கூட்டம் நிற்பதைக் கண்டு, என்ன விசேஷம் என்று திகைத்தாராம். பார்த்தால், கூட்டம் அவருடைய படத்துக்குத்தான்!

மக்கள் ஏன் அப்படித் திரண்டார்கள்? காலத்தையும் நாம் பார்க்க வேண்டும். 1974இல் அமெரிக்க அதிபர் நிக்சன் ஊழல் விவகாரத்தால் பதவி விலகினார். 1975இல் வியட்நாம் போர் முடிந்தது. மக்கள் மனத்தில் கசப்பு நிறைந்திருந்தது. அந்நாளில் பெயர்பெற்ற படங்கள் பலவும் இருண்ட கதைகளையே கூறின. அந்த வேளையில் நல்லவன் நல்லவனாகவும் கெட்டவன் கெட்டவனாகவும் நின்று, வண்ண ஒளி வாள்கள் மின்ன, சிரிப்பும் துணிவுமாக ஒரு கதை வந்தது. பிள்ளையும் தாத்தாவும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து பார்க்க முடிந்தது. மக்கள் கைதட்டினார்கள், பார்த்தவர்களே மீண்டும் மீண்டும் வரிசையில் நின்றார்கள்.

மீண்டும் பார்க்கத் தூண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது வேலைத்திறன். விண்கலங்கள் எல்லாம் சிறு மாதிரிகள்தாம். அசைவை இம்மி பிசகாமல் திரும்பச் செய்யும் கருவியில் கேமராவைப் பொருத்தி, மாதிரியைச் சுற்றி ஓடவிட்டார்கள். திரையிலோ கலமே பாய்வதுபோல் தெரிந்தது. ஒலி அமைத்தவர் பென் பர்ட். படம் காட்டும் இயந்திரத்தின் மோட்டார் ரீங்காரத்தையும் தொலைக்காட்சிப் பெட்டியின் இரைச்சலையும் கலந்து ஒளி வாளின் ஓசையை உண்டாக்கினார். எதிரிக் கலம் அலறிக்கொண்டு போவதில் யானையின் பிளிறலும் ஈரச் சாலையில் கார் ஓடும் ஒலியும் இருக்கின்றன. அந்த ஆண்டிலேயே 'ஜாஸ்' என்ற சுறாமீன் படத்தின் வசூலை அமெரிக்காவில் இது முந்தியது. 1978இல் ஆறு ஆஸ்கார் விருதுகளும், ஒலிக்காக ஒரு சிறப்பு விருதும் கிடைத்தன.

ரசிகர்களின் ஆர்வம் எப்படிப்பட்டது தெரியுமா? 1977ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் இந்தப் படத்துப் பொம்மைகளைக் கேட்டார்கள். கென்னர் நிறுவனத்தால் அதற்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. ஆகவே, பொம்மை இல்லாத பெட்டியை விற்றார்கள்! உள்ளே ஒரு சீட்டு இருந்தது. அதை நிரப்பி அனுப்பினால் அடுத்த ஆண்டு நான்கு பொம்மைகள் அஞ்சலில் வரும். பெற்றோர்கள் காசு கொடுத்து அந்தப் பெட்டியை வாங்கிப்போனார்கள். அன்பு இருக்குமிடத்தில் வணிகரும் வந்துவிடுவார் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1980இல் வந்த இரண்டாவது படத்தில், கரிய கவசம் அணிந்த கொடியவன் டார்த் வேடர், தானே லூக்கின் தந்தை என்கிறான். அது மெய்யா பொய்யா? 1983இல் மூன்றாவது படம் வரும்வரை, மூன்று ஆண்டுகள் ரசிகர்கள் இதையே விவாதித்தார்கள். 2001ஆம் ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ் குடிக்கணக்கெடுப்பில் ஏறக்குறைய 3 இலட்சத்து 90 ஆயிரம் பேர் தங்கள் மதம் 'ஜெடாய்' என்று எழுதினார்கள். ஜெடாய் என்பது படத்தில் வரும் வீரர் குழு! பலர் வேடிக்கைக்காகவே எழுதினார்கள். ஆனாலும் அத்தனை பேர் நாவிலும் அந்தப் பெயர் இருந்ததே, அதுதான் படத்தின் வீச்சு.

இனி, அன்பு பிணக்கான கதைக்கு வருவோம். 1997இல் லூகாஸ் பழைய படத்தில் சில மாற்றங்கள் செய்து மறுபடியும் வெளியிட்டார். மதுக்கடையில் தன்னைப் பிடிக்க வந்தவனை ஹான் சோலோ முந்திச் சுடுவதாக முதற்படத்தில் இருந்தது. புதிய பதிப்பில் வந்தவன் முதலில் சுடுகிறான். பிறகே ஹான் சுடுகிறான். ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். இவ்வளவு சிறிய மாற்றத்துக்கா என்று நமக்குத் தோன்றலாம். அவர்களின் வாதத்திலும் பொருள் இருந்தது. தன்னலக்காரனாக வந்தவன் நண்பனுக்காக உயிரைப் பணயம் வைக்க மாறுகிறான். தொடக்கத்திலேயே அவனை நல்லவனாக்கிவிட்டால் அந்த மாற்றம் எங்கே என்று கேட்டார்கள். இன்னும் ஒன்றைச் சுட்டிக் காட்டினார்கள். 1988இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன், பழைய படங்களைப் பிறர் திருத்துவது பண்பாட்டுக்குக் கேடு என்று பேசியவர் இதே லூகாஸ்தான். லூகாஸோ, இது நான் படைத்தது, நினைத்தபடி முடிப்பது என் உரிமை என்ற நிலையில் நின்றார். படம் எடுத்தவருக்கா, இருபது ஆண்டுகள் நெஞ்சில் வைத்திருந்தவர்களுக்கா உரிமை? இந்த வழக்கு இன்றும் தீரவில்லை. ஆனால் இது நாகரிகமான வழக்கு. வேலையைப் பற்றிய வாதம், ஆளைப் பற்றியதன்று.

எல்லாச் சினமும் அந்த எல்லைக்குள் நிற்கவில்லை. 1999இல் பதினாறு ஆண்டுகள் கழித்துப் புதிய படம் வந்தது. முன்னோட்டத்தைப் பார்ப்பதற்கென்றே வேறொரு படத்துக்குச் சீட்டு வாங்கி, முன்னோட்டம் முடிந்ததும் எழுந்து போனவர்கள் உண்டு. அவ்வளவு எதிர்பார்த்தவர்கள், படம் பிடிக்காதபோது அவ்வளவு கோபமும் கொண்டார்கள். நகைச்சுவைப் பாத்திரமான ஜார் ஜார் பிங்ஸாக நடித்தவர் அகமது பெஸ்ட் என்ற இளைஞர். எழுதிக் கொடுத்ததை நடித்தவர்மீது வசைமாரி பொழிந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்றுகூட அந்நாளில் எண்ணியதாக 2018இல் அவரே வெளிப்படுத்தினார். அதே படத்தில் நடித்த சிறுவன் ஜேக் லாய்டும் பள்ளியில் கேலிக்கு ஆளாகித் துன்பப்பட்டான். 2017இல் வந்த படத்தில் கெல்லி மேரி டிரான் நடித்தார். வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்த பெற்றோரின் மகள். அவருடைய இனத்தையும் தோற்றத்தையும் இழித்துப் பேசியவர்களால் மனம் நொந்து, 2018இல் சமூக ஊடகத்தில் தாம் இட்டிருந்த பதிவுகளை நீக்கினார். பின்னர் தம் அனுபவத்தைத் துணிவுடன் நாளேட்டில் எழுதினார்.

நேயர்களே, இதை நம் வீட்டுக் கண்ணால் பாருங்கள். மழை நாளில் பால் குறைந்துபோனால், அதற்காக மரம் சீவியவரை ஊரார் முன் ஏசினால் நமக்கு எப்படி வலிக்கும்? நடிகரும் கூலிக்கு உழைப்பவர்தாம். கதை அவர் எழுதியதன்று. ஏசுபவர்கள் சிலர்தாம், ஆனால் அவர்களின் குரல் பெரியது. மற்றவர்கள் வாய் மூடி இருந்தால் அதுவே ஊர்க் குரல் ஆகிவிடுகிறது.

மற்றவர்கள் வாய் திறந்ததும் உண்டு என்பது ஆறுதலான செய்தி. 2019இல் சிகாகோ நகரில் ரசிகர்கள் கூடிய விழாவில் அகமது பெஸ்ட் மேடையேறியபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. 2023இல் அதே கதைத் தொடரில், குழந்தையொன்றைக் காப்பாற்றும் ஜெடாய் வீரராக அவர் மீண்டும் தோன்றினார். ரசிகர்கள் மகிழ்ந்து வரவேற்றார்கள். 1997இல் தொடங்கிய '501ஆம் படையணி' என்ற ரசிகர் மன்றம், படத்து வில்லன்களின் கவசத்தை அணிந்து மருத்துவமனைகளில் நோயுற்ற பிள்ளைகளைச் சந்தித்துச் சிரிக்க வைக்கிறது. அறச்செயல்களுக்கு நிதியும் திரட்டுகிறது. வில்லன் உடையில் நல்ல காரியம்!

ஆகவே, நம் பிள்ளைகள் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்து குதித்தாலும் சரி, குறை சொன்னாலும் சரி, தடுக்க வேண்டாம். ஏன் பிடித்தது, எந்த இடம் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். காரணம் சொல்லப் பழகிய பிள்ளை சிந்திக்கப் பழகிய பிள்ளை. நடித்தவரின் நிறத்தையும் முகத்தையும் குலத்தையும் பழிக்கத் தொடங்கினால் மட்டும், அங்கே நிறுத்துங்கள். படத்தை எவ்வளவு வேண்டுமானாலும் விமரிசிக்கலாம். அதில் உழைத்த மனிதரை நோகடிக்க யாருக்கும் உரிமை இல்லை.