இணைய நெரிசலை யார் தீர்ப்பது?

பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கேபிள் இழுக்கிறார்கள். சேலம் மாவட்டத்தின் 385 ஊராட்சிகளும் நாமக்கல்லின் 322 ஊராட்சிகளும் அந்தக் கணக்கில் அடக்கம். ஊராட்சிக்கு நொடிக்கு 1 ஜிகாபிட் என்பது இலக்கு. கேபிள் வந்துவிட்டால் நெட் திணறாது என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். ஆனால் அதில் பாதிதான் நடக்கும். தகவல் வழக்கமாக அதிகபட்சம் 1500 பைட் கொண்ட சிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்து, ரவுட்டர் ரவுட்டராகத் தாண்டிப் போகிறது. ஒரு ரவுட்டருக்குள் வருவது வெளியே போவதைவிட வேகமாக இருந்தால், மிச்சம் அதன் நினைவகத்தில் வரிசை கட்டும். இடம் நிரம்பியதும் அடுத்து வருகிற பாக்கெட் கைவிடப்படும். அகலமான வழி குறுகலான வழியைச் சந்திக்கிற இடமெல்லாம் இது நடக்கும். ஊராட்சி வரை ஃபைபர் வந்தால், குறுகலான இடம் வீட்டு வைஃபைக்கோ செல்போன் கோபுரத்துக்கோ நகரும், அவ்வளவுதான். நெரிசலை உண்மையில் அடக்கி வைத்திருப்பது, அனுப்புகிற ஒவ்வொரு கணினியும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிற ஒழுங்கு.

இதற்கு வலுவான சான்று 1986 அக்டோபரில் கிடைத்தது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே 400 கஜ தூரம். அந்தத் தடத்தில் தகவல் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. ஓர் ஆங்கில எழுத்துக்கு 8 பிட் என்றால், நொடிக்கு ஐந்தே எழுத்து. கேபிள் அறுபடவில்லை, எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. பாக்கெட் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை வராததால், எல்லாக் கணினிகளும் அனுப்பியதையே மறுபடி மறுபடி அனுப்பின. அந்த நகல்களே வரிசையை அடைத்தன. ஒப்புகை இன்னும் தாமதமானது. இன்னும் நகல்கள் கிளம்பின. வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் 1988-இல் இதற்குத் தீர்வை வெளியிட்டார்கள். அவர்கள் புதுக் கேபிள் எதுவும் போடவில்லை. இரண்டு முனைகளிலும் உள்ள கணினிகளின் மென்பொருளைத்தான் மாற்றினார்கள்.

மோகனூரில் உள்ள சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு பதிவு செய்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஆலை கட்டிங் ஆர்டர் கொடுத்த பிறகுதான் வயலில் கத்தி இறங்க வேண்டும். ஆளாளுக்கு வெட்டி ஏற்றினால் வண்டிகள் ஆலை வாசலில் காத்துக் கிடக்கும். காயக் காயக் கரும்பின் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். இணையத்தில் அப்படி ஆர்டர் கொடுக்க ஓர் அலுவலகம் கிடையாது. திரும்பி வரும் ஒப்புகையை வைத்தே கணினி நிலைமையை ஊகிக்க வேண்டும். முதலில், இன்றைய வழக்கப்படி, பத்து பாக்கெட் அனுப்பும். எல்லாவற்றுக்கும் ஒப்புகை வந்தால் இருபது, பிறகு நாற்பது. ஒன்று தொலைந்தால், பழைய முறைப்படி, அளவைச் சட்டென்று பாதியாக்கி, அதன்பின் பாக்கெட் போய் ஒப்புகை வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பாக்கெட் வீதம் மெல்ல ஏற்றும்.

குறைக்கும்போது பாதி, கூட்டும்போது ஒன்று என்பது ஏன்? 1989-இல் டா-மிங் சியூவும் ராஜ் ஜெயினும் இதற்கு விளக்கம் தந்தார்கள். 100 பாக்கெட் கொள்ளும் தடத்தில் ஒருவர் 80, இன்னொருவர் 20 அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெரிசலில் இருவரும் பாதியாக்கினால் 40, 10. பிறகு ஆளுக்கு 25 ஏறினால் 65, 35. ஆரம்பத்தில் 60 ஆக இருந்த இடைவெளி ஒரு முறை குறைத்து ஏற்றியதிலேயே 30 ஆகிவிட்டது. அடுத்த முறை 15. யாரும் பங்கு பிரித்துக் கொடுக்காமலேயே இருவரும் சமபங்கை நெருங்குகிறார்கள். கணினி அறிவியலில் இதைவிட அழகான கணக்கு அதிகம் இல்லை என்பேன்.

ரவுட்டரில் நினைவகத்தைக் கூட்டினால் பாக்கெட் தொலையாதே என்று கேட்கலாம். ஆலை வாசலை அகலப்படுத்தினால் அரவை ஒரு டன்கூடக் கூடாது, காத்திருப்புதான் கூடும். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் சுட்டிக்காட்டிய கோளாறு இதுவே. வீட்டில் ஒருவர் வீடியோ அப்லோடு செய்யும்போது இன்னொருவரின் ஆன்லைன் வகுப்பு இழுத்து இழுத்து வருவதற்கு, அளவுக்கு மீறிய நினைவகம் ஒரு முக்கியக் காரணம். இன்னொரு ஆட்சேபம் வலுவானது. கொல்லிமலைப் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் சிக்னல் பலவீனத்தாலும் பாக்கெட் தொலையும். அதை நெரிசல் என்று எண்ணி வேகத்தைக் குறைப்பது வீண். பழைய முறையின் உண்மையான குறை இது. நெரிசலைத் தெரிவிக்கப் பாக்கெட்டைக் கைவிடாமல், ரவுட்டரே அதில் எச்சரிக்கைக் குறி இடும் முறை 2001-இல் தரநிலையானது. அதை வகுத்தவர்களில் கே.கே. ராமகிருஷ்ணனும் ஒருவர். 2016-இல் கூகுள் வெளியிட்ட பிபிஆர் என்ற முறை, தொலைவதை எண்ணாமல், தகவல் போய்ச்சேரும் வேகத்தையும் தாமதத்தையும் அளக்கிறது. அந்தக் குழுவிலும் ஜேக்கப்சன் இருந்தார். ஒழுங்கை மீறி யாராவது அள்ளிக்கொண்டால்? அப்போது ரவுட்டர் வரிசைகளைத் தனித்தனியாகப் பிரித்து மற்றவர்களைக் காக்க முடியும். ஆனாலும் பெரும்பாலோர் ஒழுங்காக இருப்பதால்தான் அந்தக் காவல் போதுமானதாக இருக்கிறது.

எனவே புது இணைப்பு வாங்கும்போது எத்தனை எம்பிபிஎஸ் என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு போனில் பெரிய வீடியோவை அப்லோடு செய்தபடி, அதே இணைப்பில் உள்ள இன்னொரு போனில் பிங், அதாவது போய்வரும் தாமதம், எத்தனை மில்லிநொடிக்கு ஏறுகிறது என்று பாருங்கள். நூற்றுக்கணக்கில் ஏறினால், வரிசையை நிர்வகிக்கும் வசதியுள்ள ரவுட்டரைக் கேட்டு வாங்குங்கள்.